பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ

நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு முழுசாத் தெரிஞ்சது. கை நடுங்க எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. லப்டொப்பில பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு எஸ்.எஸ்.டி. எண்ட கெதியா வேலை செய்யிற டிஸ்க் போட யோசிக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. என்னென்ன கவனிக்கவேணும் எண்டும் கடைசியில சொல்லுறன்.

நான் புதுக்குடியிருப்பில உயர்தரப் பிள்ளையளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிறன். லப்டொப் 2016இல வாங்கினது. போட்டுவிட்டிட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கொண்டுதான் நிக்கும். எஸ்.எஸ்.டி. போட்டால் கெதியா வேலை செய்யும், பழைய டிஸ்க்கில கிடக்கிறதெல்லாத்தையும் அப்பிடியே புதுசுக்குக் கொப்பி எடுக்கலாம், அதைத்தான் குளோன் பண்ணுறது எண்டுறவை, விண்டோஸும் திரும்பப் போடத் தேவையில்லை எண்டு தெரிஞ்சவை சொல்லிச்சினம். அது உண்மைதான், செய்யிற ஆள் ஒழுங்காச் செய்தால்.

கிளிநொச்சியில ஒரு கொம்பியூட்டர் திருத்துற கடை. பேர் போடமாட்டன், கேக்காதேங்கோ. அங்க வேலை செய்யிற தம்பி "எவடம் ரீச்சர்?" எண்டு கேட்டான். சொன்னன். "நாங்கள் உடையார்கட்டு. 2009இல நாங்களும் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடின ஆக்கள்தான்" எண்டான். அந்தச் சொல்லோட எனக்கு மனம் இளகிப்போச்சு. எங்கட பொடியன், எங்களை ஏமாத்தமாட்டான் எண்டு நினைச்சன். எனக்கு முன்னாலதான் கழட்டினவன். ஒவ்வொரு ஸ்குரூவையும் கழட்டினபடி வரிசையா ஒரு போத்தல் மூடிக்குள்ள வைச்சு, தூசியைச் சின்னப் பிரஷ்ஷால தட்டினான். "ஒரு எழுத்தும் மாறாது ரீச்சர். பழைய டிஸ்க்கில ஒண்டும் எழுதுப்படாது, வாசிக்கிறது மட்டும்தான்" எண்டு விளங்கப்படுத்தினான். இவ்வளவு பக்குவமா வேலை செய்யிற பிள்ளையை ஆர் சந்தேகப்படுவினம்?

480 ஜிபி எஸ்.எஸ்.டி. 14,500, வேலைக்கூலி 4,000. மொத்தம் 18,500 ரூபா. முன்னுக்கே எண்ணிக் குடுத்தன். மூண்டு மணித்தியாலம் கழிச்சு வரச்சொன்னான். போனால் லப்டொப் பைக்குள்ள வைச்சு சிப் பூட்டியிருந்தது. "பஸ் வெளிக்கிடப்போகுது ரீச்சர், வீட்ட போய்ப் பாருங்கோ. பழைய டிஸ்க்கைப் பிறகு எடுங்கோ." நானும் ஓமெண்டு வந்திட்டன். அந்த இடத்தில திறந்து பாத்திருக்கவேணும்.

வீட்ட வந்து திறந்தால் திரை முழுக்க ஒரு சிவப்புக் கார். என்ர படமில்லை, என்ர பேரில்லை, ஒரு ஃபைல் இல்லை. பத்து வருசமாச் சேர்த்த வினாத்தாள், குறிப்பு ஒண்டுமில்லை. அதைவிட, அப்பான்ர படங்கள். எங்கட அல்பங்கள் முள்ளிவாய்க்காலோட போட்டுது. கனடாவில இருந்த சின்னம்மா தன்னட்ட இருந்த 43 படங்களை ஸ்கான் பண்ணி பென் டிரைவில குடுத்துவிட்டவ. அந்தப் பென் டிரைவ் எப்பவோ பழுதாப்போச்சு. சின்னம்மாவும் இப்ப இல்லை.

கடைத் தம்பிக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டன். "டொக்கியுமென்ட்ஸுக்குள்ள வடிவாப் பாருங்கோ ரீச்சர்." பாத்தன், இல்லை. அடுத்தநாள் "பழைய டிஸ்க் பழுது, அதுதான் புது விண்டோஸ் போட்டனான்" எண்டான். அதுக்குப் பிறகு வட்ஸ்அப்பில நீலக்கோடு மட்டும் விழும், பதில் வராது. முதலாளிக்கு எடுத்தால் "பொடியன் இப்ப நிக்கேல்லை." நேர போனன். "பில் இருக்கோ?" எண்டார். அவையள் தந்தது விசிட்டிங் கார்டுக்குப் பின்னால பேனையால எழுதின "ஹார்ட் 14,500, வேலை 4,000". அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார்: "படத்துக்கெல்லாம் நாங்கள் வரண்டி குடுக்கிறேல்லை தங்கச்சி." அந்த வார்த்தையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். நிண்டு சண்டை பிடிச்சுத்தான் பழைய டிஸ்க்கை வாங்கினது.

என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளையின்ர தம்பி வவுனியாப் பல்கலைக்கழகத்தில படிக்கிறான். நேற்று அவன் பழைய டிஸ்க்கை என்ர லப்டொப்புக்குள்ள திரும்பப் போட்டு ஓடவிட்டான். அதே சிவப்புக் கார்! பழைய டிஸ்க்கிலயும் அதே கார்! "ரீச்சர், மாறிக் குளோன் பண்ணியிருக்கிறாங்கள். புதுசில இருந்ததைப் பழசுக்கு மேல எழுதியிருக்கு" எண்டான். எனக்கு விளங்கேல்லை. புது டிஸ்க் வெறுமையா எல்லோ இருக்கவேணும், அதில எங்கால விண்டோஸ்?

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டொரு இலவச மென்பொருள். அதில எஸ்.எஸ்.டி.யைக் காட்டினான். 9,412 மணித்தியாலம் ஓடியிருக்கு. ராப்பகலா நிப்பாட்டாமல் ஓடினாலும் ஒரு வருசத்துக்கு மேல. ஆரோ பாவிச்ச டிஸ்க்கை 14,500க்குப் புதுசெண்டு வித்திருக்கிறாங்கள். "பழுது" எண்டு சொன்ன என்ர பழைய டிஸ்க்குக்கு அதே மென்பொருள் நீல நிறத்தில நல்லது எண்டு காட்டுது. 18,500 ரூபாயும் வாங்கிக்கொண்டு, என்ர அப்பான்ர முகத்துக்கு மேல ஆற்றையோ காரை எழுதி விட்டிருக்கிறாங்கள்.

சரி, கவனிக்கவேண்டியது. குடுக்கமுதல் முக்கியமானதை நீங்களே வேற ஒண்டில கொப்பி பண்ணுங்கோ. எஸ்.எஸ்.டி. பெட்டியை உங்களுக்கு முன்னால உடைக்கச் சொல்லுங்கோ, ஓடின மணித்தியாலத்தைப் பாத்திட்டுக் காசு குடுங்கோ. தொடர் இலக்கத்தோட பில் வாங்குங்கோ. கடையிலயே திறந்து உங்கட ஃபைல் ஒண்டு ரெண்டைப் பாருங்கோ. பஸ் போனால் போகட்டும். பழைய டிஸ்க்கைக் கையோட கொண்டு வந்து, ஒரு மாசத்துக்கு ஒண்டும் செய்யாமல் அலுமாரியில வையுங்கோ. மாறி எழுதினது தெரிஞ்சால் அதில ஒண்டையும் பதியாதேங்கோ, எழுதாத இடத்தில கிடக்கிறதெண்டாலும் மிஞ்சும். இப்ப வேற ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை.

நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 எண்ட ஃபோன் இலக்கத்துக்கு நாளைக்குக் காலமை எடுக்கப்போறன். 18,500 ரூபா எனக்குச் சின்னக் காசில்லை.

ஃபோட்டோரெக் எண்ட மென்பொருளை அந்தப் பிள்ளை இரவிரவா ஓடவிட்டு ஏதோ கொஞ்சம் மீட்டுத் தந்திருக்கிறான். ஒண்டுக்கும் பேரில்லை, எல்லாம் வெறும் இலக்கம். பாதிப் படத்துக்குக் கீழ்ப்பக்கம் சாம்பலாக் கிடக்கு. ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு, ஒவ்வொண்டாத் திறந்து பாத்துக்கொண்டிருக்கிறன். அப்பா இன்னும் வரேல்லை.