பிரைமர் பதித்தல்: பிரஸ் கரமா, கைக்கருவியா?

துல்லிய இலக்குச் சுடுதலுக்காகத் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களில் பலர், வெடிமருந்தின் எடைக்கும் குண்டு அமரும் ஆழத்துக்கும் காட்டுகிற கவனத்தை, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் தோட்டாவின் அடியில் பதிப்பதில் காட்டுவதில்லை. நானும் முதல் மூன்று ஆண்டுகள், தோட்டா நிரப்பும் நெம்புகோல் எந்திரமான பிரஸ்ஸோடு சேர்ந்து வந்த பிரைமர் பதிக்கும் கரத்தையே பயன்படுத்தினேன். பிறகு, கையில் பிடித்து அழுத்திப் பிரைமரைப் பதிக்கும் கைக்கருவிக்கு மாறினேன். திரும்பிச் செல்லும் எண்ணம் இல்லை. எனவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது.

பிரைமர் என்பது ஒரு சிறிய உலோகக் கிண்ணம், அதன் அடியில் அடிபட்டால் வெடிக்கும் கலவை, அதன்மேல் கால்கள் கொண்ட ஆன்வில் என்னும் சிறு உலோகத் துண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தது. தோட்டாவின் பித்தளைக் கூடான உறையின் அடியிலுள்ள குழிக்குள் அதை அழுத்தும்போது ஆன்வில்லின் கால்கள் முதலில் குழியின் தரையைத் தொட வேண்டும். அதன் பிறகு மிகச் சிறிதளவு கூடுதலாக அழுந்தி, ஆன்வில் கலவையோடு இறுக்கமாக நிற்க வேண்டும். கால்கள் தரையைத் தொடாமல் நின்றுவிட்டால், துப்பாக்கியில் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் கொடுக்கும் அடியில் ஒரு பங்கு பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, பற்றவைப்பு சீர்கெடும் அல்லது தோட்டா வெடிக்காமலே போகும். உறையின் அடிமட்டத்திலிருந்து 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை உள்ளே அமர்வது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் குழிகளின் ஆழம் உறைக்கு உறை மாறுவதால், கால்கள் தரையைத் தொட்டனவா என்பதுதான் அந்த எண்ணைவிட முக்கியம்.

பிரஸ் கரத்தின் நன்மைகள் வெளிப்படையானவை: தனிச் செலவில்லை, விரல் வலிக்காது. மேசையில் பொருத்தும், ஆழத்தைத் திருகி அமைக்கும் கருவிகள் மூன்றாவது வழி. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஏறத்தாழ இருநூறு உறைகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆழம் சீராக இருந்தது, வேலையும் சுகமாக இருந்தது. ஆனால் அவ்வகைக் கருவி உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே ஆழத்தைக் கணக்கிடுகிறது. விளிம்பின் தடிமன் மாறினால் அந்த மாற்றம் பிரைமரின் ஆழத்திலும் வந்து சேரும். இதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

என்னைக் கைக்கருவியின் பக்கம் நிறுத்தியது ஒரே காரணம்: உறையின் குழி தளர்ந்துவருவதை அது விரலுக்குச் சொல்லிவிடுகிறது. அதிக அழுத்தத்தில் சுடப்படும் ஒவ்வொரு முறையும் பித்தளையின் அடிப்பகுதி மிக நுண்ணிய அளவில் விரிகிறது. பிரஸ்ஸின் நீண்ட நெம்புகோல் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும். இறுக்கமான குழியும் தளர்ந்த குழியும் கைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கைக்கருவியிலோ, பிரைமர் உள்ளே நுழையும்போது ஒரே சீரான உராய்வும், கால்கள் தரையைத் தொடும் இடத்தில் திடீரென ஒரு கடினமும் தெளிவாக உணரப்படும். ஒரு தொகுதி உறைகளை ஆறாவது முறை நிரப்பியபோது, நான்கில் மட்டும் அந்த உராய்வு இல்லாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவற்றின் அடியில் கறுப்பு மையால் குறியிட்டுவிட்டு, ஐயம் தீர்வதற்காகச் சுட்டுப் பார்த்தேன். நான்கில் மூன்றில், பிரைமரைச் சுற்றி மெல்லிய கரி வளையம் படிந்திருந்தது. வாயு கசிந்ததன் அடையாளம் அது. இதே கசிவு தொடர்ந்தால் துப்பாக்கியில் உறையின் அடியைத் தாங்கி நிற்கும் போல்ட்டின் முகத்தையே அரித்துவிடும். இன்று அப்படி வழுக்கும் உறையைச் சுட்டுப் பார்ப்பதில்லை, நேராக ஒதுக்கிவிடுகிறேன். அன்று செய்ததை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

துல்லியம் கூடியதா என்றால், 100 மீட்டரில் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை. 600 மீட்டரில் மேல்கீழ்ச் சிதறல் குறைந்தது உண்மை. ஆனால் அதே பருவத்தில் உறைக் கழுத்தின் இறுக்கத்தையும் மாற்றியிருந்ததால், முழுப் பெருமையையும் பிரைமருக்குக் கொடுக்க இயலாது.

கைக்கருவியின் பராமரிப்பு எளிது, ஆனால் தவிர்க்கக் கூடாதது. கீல் தேய்ந்து ஆட்டம் கண்டால் விரலுக்கு வரும் செய்தியும் மங்கிவிடும். ஆகவே சில நூறு உறைகளுக்கு ஒருமுறை தூசியைத் துடைத்து, கீலில் ஒரு துளி எண்ணெய் இடுகிறேன். எண்ணெய் பட்ட விரலோடு பிரைமரைத் தொடுவதில்லை. எந்தக் கருவியானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே பதிக்க வேண்டும். மருந்தும் குண்டும் நிரப்பி முடித்த தோட்டாவில் பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால், அதை மீண்டும் அழுத்திச் சரிசெய்ய ஒருபோதும் முயலக் கூடாது.

கைத்துப்பாக்கித் தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் நிரப்புகிறவருக்குப் பிரஸ் கரமே போதும். ஐம்பது உறைகளை வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுகிறவர் கைக்கருவியை வாங்கட்டும். எந்த உறை ஓய்வுபெற வேண்டும் என்பதை வேறெந்தக் கருவியும் இவ்வளவு சீக்கிரம் எனக்குச் சொன்னதில்லை.