தகரக் கூரை மழையும் என் காது மெஷினும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

இடது காதுக் கருவி பழுது நீங்கி நேற்றுதான் கோவையிலிருந்து வந்து சேர்ந்தது. 19 நாட்கள் ஆயின. அந்த 19 நாட்களும் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தது. ஒற்றைக் காதோடு மழைக்காலத்தைக் கடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கோத்தகிரியில் இருக்கும் பழைய சக ஊழியர், "எனக்கும் காது மந்தமாகிறது, நீங்கள் வைத்திருக்கும் மெஷினையே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இது.

காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. இரண்டுக்கும் சேர்த்து 58,000 ரூபாய். ஆரஞ்சு ஒட்டுத்தாள் உள்ள 13ஆம் எண் பேட்டரி. மற்ற விவரங்களை விற்பவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. அமைதியான அறையில் கைகொடுக்கும் கருவி, இரைச்சல் வந்ததும் நட்டாற்றில் விட்டுவிடுகிறது.

31 ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் வேலையில் இருந்தேன். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கையைக் காட்டித்தான் பேச முடியும். காதடைப்பான் யாரும் தந்ததில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. இரைச்சலிலும் முதுமையிலும் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் அணுக்கள்தான் முதலில் போகின்றன.

அதனால் என்ன ஆகிறது என்பதைத் தமிழிலேயே சொல்லலாம். 'தட்டு', 'கட்டு', 'பட்டு' மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றுதான். அவை கனத்த ஒலிகள், என் காதுக்கு இன்றும் எட்டும். வேறுபாடெல்லாம் முதலில் வரும் வல்லினத்தில். அது ஒரு நொடியில் சிறு பங்கு நேரமே ஒலித்து மறையும். குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வது இதைத்தான். "சத்தமாகப் பேசுகிறேனே, இன்னுமா கேட்கவில்லை?" என்று பிள்ளைகள் கோபிக்கும்போது, சத்தம் போட்டால் உயிரொலிதான் பெரிதாகும் என்பதை எப்படி விளக்குவது?

கருவி இங்கே பெரிய உதவி செய்தது, மறுக்கமாட்டேன். மாட்டிய மூன்றாம் வாரம், டப்பாவில் தேயிலைத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தேன். சரசரவென்று ஒரு ஓசை. ட்ரையரிலிருந்து இறங்கும் தூளைக் கையில் அள்ளி உருட்டி, காய்ந்த பதத்தை அந்த ஓசையிலும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அது எப்போது என்னைவிட்டுப் போனது என்றே தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன். அன்று அந்தத் தூளை மூன்று முறை கொட்டி அள்ளினேன்.

இனி மழைக்கு வருகிறேன். எங்கள் சமையலறைக்குத் தகரக் கூரை. மழை இறங்கினால் கருவி அதையும் கூட்டிக் கொடுக்கிறது. இதில் இரண்டு ஒலிவாங்கிகள் இருக்கின்றன. எதிரே இருப்பவர் பேச்சை முன்னிறுத்தி, பின்னால் வரும் இரைச்சலைக் குறைப்பது அவற்றின் வேலை. உணவகத்தில் சுவரோரம் உட்கார்ந்து எதிரே இருப்பவரிடம் பேசினால் உண்மையிலேயே பயன் தெரிகிறது. தகரத்தில் விழும் மழையோ தலைக்கு மேல் எல்லாத் திசையிலும் பரவி, சுவரில் மோதித் திரும்பியும் வருகிறது. எதைக் குறைக்கும்? இரண்டு கை தூரத்தில் நின்று என் மனைவி பேசுகிறாள், வாயசைவு தெரிகிறது, சொல் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு வாரம் நாங்கள் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டோம். குன்னூர் பஸ் நிலையத்திலும் இதே நிலைதான்.

பழி முழுவதும் கருவி மேல் இல்லை. இரைச்சலிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பது மூளையின் வேலை. இரு காதுகளுக்கும் வரும் ஒலியின் நேர வேறுபாடும் வலு வேறுபாடும்தான் அதற்குத் துணை. ஒரு கருவி பழுதானபோது எந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் போனது அதனால்தான். வயது ஏற ஏற மூளை ஒலியைப் பகுக்கும் வேகமும் குறைகிறது. விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்பியே அது களைத்துவிடுகிறது. திருமண வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், சுமை தூக்கியவன் போலப் படுத்துவிடுகிறேன்.

விற்றவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் உறுத்துகிறது: "இதைப் போட்டால் மறதி நோய் வராது." முதியவரின் அச்சத்தைக் காசாக்கும் பேச்சு அது. மறதி நோய்க்கு இட்டுச்செல்லும், ஆனால் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களுள் ஒன்றாகச் செவித்திறன் குறைவை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் கருவி அணிந்தவர்களின் அறிவுத்திறன் சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறதி நோய்க்கான ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், உத்தரவாதம் இல்லை.

பழுதுக்குக் காரணம் ஈரம். மூடுபனி ஊரில் இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்று வாங்கும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் 3,200 ரூபாய் மிஞ்சியிருக்கும். புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்துச் சில நிமிடங்கள் காற்றாட விட்டுப் போடுங்கள், அது காற்றை வைத்து இயங்குவது.

நண்பரே, இதே கருவியை மறுபடி வாங்குவேனா என்றால், இந்த மழையில் மாட்டேன். தூளின் சரசரப்பை எனக்குத் திருப்பித் தந்தது என்பதை மறக்காமலே சொல்கிறேன், மாட்டேன். ஆனால் நீங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மூடிய அறையில் பீப் ஒலி கேட்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், இரைச்சலோடு சேர்த்துப் பேச்சைப் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சில வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நல்ல மழை நாளாகப் பார்த்து. சமையலறையில் உட்காருவோம்.