அண்ணன் ஃபைலில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

இந்த முறை ஊருக்குப் போனது அண்ணனின் ஹெர்னியா ஆபரேஷனுக்காக. நியூஜெர்சியில் மூன்று வாரம் லீவு சொல்லியிருந்தேன். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, மிச்ச நாளெல்லாம் குற்றாலச் சாரலும் புரோட்டாவும் என்று கணக்கு. கடைசியில் மூன்று வாரமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடுதான் போனது.

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அண்ணனுக்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தது. ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்குகிற வைரஸ். நர்ஸ் வராந்தாவில் நின்றுகொண்டு, பத்துப் பேர் கேட்க, "இவருக்கு மஞ்சக்காமாலை பி இருக்கு, கூட வந்தது யாரு?" என்றார். ஃபைலின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஏறியது. காலையில் முதல் ஆளாக இருந்தவரை அன்றைய கடைசி ஆளாக்கினார்கள். பில்லில் 'தனி கிட்' என்று ஒரு தொகை. ரத்தம் யாருடையதாக இருந்தாலும் ஒரே பாதுகாப்பு என்பதுதான் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பரிசோதனையே செய்யாத ஆளிடமும் வைரஸ் இருக்கலாம் என்பதால் வந்த விதி அது. ஸ்டிக்கரும் தனி கிட்டும் யாரைக் காப்பாற்றும் என்று எனக்குப் புரியவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் பாசிட்டிவ் என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. கல்லீரல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இல்லை. கூடுதலாக வாங்கிய காசுக்கு அதையாவது எழுதியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மதினி பயந்துபோய் இருந்தாள். கூடச் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது, ரத்தம், உடலுறவு, ஊசி, பிளேடு, அப்புறம் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவ்வளவுதான் வழி என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா அதற்குள் வயல் வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிவந்து அரைத்து மோரில் கலக்கிவிட்டாள். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம் வேறு. "நாப்பத்தெட்டு நாள் குடிச்சாப் போயிரும்ய்யா. எத்தனை பேருக்குப் போயிருக்கு தெரியுமா?"

அம்மா சொன்னதில் பாதி உண்மை. திடீரென்று வருகிற காமாலை பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். அந்தப் பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். அண்ணனுக்கோ கண்ணில் மஞ்சளே கிடையாது. உள்ளே வைரஸ் வருஷக்கணக்காகக் குடியிருக்கிற ரகம் அவருடையது.

மதுரையில் ஒரு கல்லீரல் டாக்டர். காலையில் போன் செய்தேன், மறுநாள் சாயங்காலம் வரச்சொன்னார்கள். நியூஜெர்சியில் என் நண்பர் ஒருவர் இதே மாதிரி டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்தார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அண்ணன் கீழாநெல்லிக் கதையைச் சொன்னதும் டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க அம்மா நினைச்ச மாதிரியேதான் சென்னையில பெரிய ஆளுங்களும் நினைச்சாங்க" என்று ஆரம்பித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூட எழுதியவர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை 1960-களில், ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் கண்டுபிடித்து 1976-இல் நோபல் வாங்கியவர். அண்ணனின் சீட்டில் எச்பிஎஸ்ஏஜி என்று இருப்பது அந்தப் புரதம்தான். 78 பேரை எடுத்து, சிலருக்குக் கீழாநெல்லிப் பொடி, சிலருக்கு வெற்று மாத்திரை என்று 30 நாள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் காணாமல் போனது. வெற்று மாத்திரைக்காரர்கள் 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. "37-ம் 23-ம் எவ்வளவு சார்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். 60. மிச்சம் 18 பேர் கடைசிக் கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. "அதுக்காக அவங்க செஞ்சது வீண் இல்ல. கேட்டுப் பார்த்தாங்க, அடுத்தவங்க சரிபார்த்தாங்க. ஆராய்ச்சின்னா அதான்." அண்ணன் கீழாநெல்லியை நிறுத்தியது அன்றைக்குத்தான். நான் பத்து நாள் சொல்லிக் கேட்காதவர்!

அடுத்து ஃபைப்ரோஸ்கேன். 2003 வாக்கில் பிரான்சில் ஒரு கம்பெனி கொண்டுவந்த கருவி. மூன்று மணி நேரம் வெறும் வயிறு. மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டால், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனையை வைத்து, விரலால் சுண்டுகிற மாதிரி மெல்லத் தட்டுகிறது. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. தழும்பேறி இறுகிய கல்லீரலில் வேகம் கூடும். பத்து முறை தட்டி நடு அளவை எடுத்துக்கொள்வார்கள். பத்தே நிமிடம். இந்தக் கருவி வருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள ஊசியால் கல்லீரலைக் குத்தித் துணுக்கு எடுக்க வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு 9.1 கிலோபாஸ்கல். 7-க்கு மேல் போனால் தழும்பு கணிசம், 12.5-க்கு மேல் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. அண்ணன் நடுவில் நிற்கிறார். சொட்டு சாராயம் தொடாத மனிதர்.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி அண்ணனுக்கு 38. லேப் சீட்டில் 45 வரை நார்மல் என்று அச்சடித்திருந்ததால் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதுதான் அந்த வழிகாட்டியின் வரம்பு. 2015 வழிகாட்டியின்படி சிரோசிஸ் இல்லாதவருக்கு ஏஎல்டி தொடர்ந்து கூடியிருந்து, வைரஸ் எண்ணிக்கையும் 20,000-ஐத் தாண்டினால்தான் மாத்திரை. இப்போது தழும்பு இருந்தாலே போதும், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொடங்கலாம். பழைய கணக்கில் அண்ணனை "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பியிருக்கக்கூடும்.

"மாத்திரையை வெளியே வாங்காதீங்க, இது காலம் முழுக்க" என்று சொல்லி, அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. பி, சி இரண்டுக்கும் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். நாள் கூடத் தேர்ந்து வைத்ததுதான், பிளம்பர்க்கின் பிறந்தநாள். சி வகைக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிவிடுகிறது. அதில் முக்கிய மருந்தான சோஃபோஸ்புவிர் 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது மாத்திரை ஒன்று 1,000 டாலர். அதையே இங்கே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இதை நம் அமெரிக்க நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஏழரைக்குப் போய்ச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். மின்விசிறி இருந்த இடத்தில் பெஞ்ச் இல்லை, பெஞ்ச் இருந்த இடத்தில் மின்விசிறி இல்லை. ஆனால் உள்ளே இருந்த கவுன்சிலர் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். டெனோஃபோவிர் 300, தினம் ஒன்று, ஒரே நேரத்தில். சிறுநீரகத்துக்கு அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ஏனென்றால் பி வகையில் சிரோசிஸ் வராமலேயே கேன்சர் வரலாம். மாத்திரை வைரஸை அடக்கும், துரத்தாது. வைரஸின் மூலப்பிரதி கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கிக்கொள்வதால் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

எல்லாம் சொல்லி முடித்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?" என்றார்.

அண்ணனையும் சேர்த்து மூன்று பேர் என்றோம். "அவங்களுக்குப் பார்த்தாச்சா?"

"நான் அமெரிக்காவில இருக்கேங்க."

"இருங்க. பார்த்தாச்சா?"

என்னிடம் பதிலில்லை. பதினெட்டு வருஷமாக அங்கே கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் வருஷம் தவறாமல் பார்க்கிறார்கள். இதை யாரும் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. பெரியவர்கள் அனைவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது ஹெபடைடிஸ் பி பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023-லேயே சொல்லியிருக்கிறது என்பதை இந்தப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிரசவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிலைக்கும் என்றார் அந்த அம்மா. அதனால்தான் கூடப் பிறந்தவர்களை முதலில் தேடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிய இடங்கள் கேட்காத கேள்வி, காசு வாங்காத இடத்திலிருந்து வந்தது.

மறுநாள் குடும்பமே போய்க் கை நீட்டியது. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. தங்கைக்கு இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. அதனால் இன்று, ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தடுப்பூசி. எனக்கு மேலுறைப் புரதம் இல்லை, ஆனால் எப்போதோ தொற்றி, உடம்பே விரட்டிவிட்ட தடயம் இருக்கிறது. பயமில்லை, பிற்காலத்தில் கீமோ மாதிரி எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், வைரஸ் மறுபடி எழும்பலாம். அம்மாவுக்கு பாசிட்டிவ்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. ராத்திரி திண்ணையில், "நாந்தான் அவனுக்குக் குடுத்தனாய்யா?" என்றாள். அண்ணன் பிறந்தது 1973-இல், வீட்டில். அப்போது உலகத்தில் எங்குமே இதற்குத் தடுப்பூசி கிடையாது. முதல் ஊசி 1981-இல்தான் அனுமதி வாங்கியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடுகிற ஊசி நம் நாடு முழுக்கப் பரவ 2011 ஆனது. இதையெல்லாம் சொன்னேன். கேட்டாளா தெரியாது. அண்ணன்தான் எழுந்து போய், தன் தனித் தட்டைக் கொண்டுவந்து அவளிடம் காட்டி, "இனிமே ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தட்டு, பாத்திரம் தேய்க்கிற வேல மிச்சம்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். தட்டு பழைய அடுக்குக்கே போய்விட்டது.

நியூஜெர்சி திரும்பி என் டாக்டருக்கு எழுதினேன், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சீட்டுக் கேட்டு. பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டாயிற்று என்று கார்டில் இருந்தது. மனைவியின் ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதற்குள் அவள் கும்பகோணத்தில் இருக்கிற தன் தம்பிக்கும் அக்காவுக்கும் போன் போட்டுவிட்டாள்.