ஒயிட் மெட்டல் ஊற்றுவதா, ஷெல்லுக்கு மாற்றுவதா?

என்னிடம் இருப்பது 1930 ஃபோர்டு மாடல் ஏ. நாலு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைப்பது ராடு; அது கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் பேரிங் இருக்கும். இந்த வண்டியில் வெள்ளீயக் கலவையான ஒயிட் மெட்டலை உருக்கி ராடிலேயே ஊற்றித்தான் பேரிங் செய்வார்கள். ஷெல் என்பது தனியாக வாங்கி மாட்டும் ரெடிமேட் பேரிங். ராடு தட்ட ஆரம்பித்து இன்ஜினை இறக்கியபோது சென்னை புதுப்பேட்டை பட்டறைகளில் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: "இன்னும் எதுக்கு சார் மெட்டல் ஊத்திக்கிட்டு? ஷெல்லுக்கு மாத்திடுங்க." நான் மாற்றவில்லை. ஷெல் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஷெல்லின் பெருமை தெரிந்ததுதான். எஃகு முதுகின் மேல் மெல்லிய உலோகப் படலம். மெல்லியதாக இருப்பதாலேயே அடி தாங்கும், சீக்கிரம் விரிசல் விடாது. நெடுஞ்சாலையில் 80-இல் விரட்டுகிறவருக்கு அதுவே சரி. ஆனால் மாடல் ஏ-வின் பிளாக்கும் ராடும் ஷெல்லுக்காகச் செய்தவை அல்ல. அதற்கென்று குடைந்து எடுக்க வேண்டும். குடைந்த இரும்பு திரும்ப வராது. தவிர, இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டரே கிடையாது. தூசி, துகள் வந்தால் தடிமனான ஒயிட் மெட்டல் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். ஷெல்லின் படலத்தில் அதற்கு இடம் குறைவு, கிராங்கைக் கீறிவிடும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதெல்லாம்கூட இல்லை, பராமரிப்பு.

ஒயிட் மெட்டல் தேயும், மறைக்க மாட்டேன். தேய்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம். ராடுக்கும் அதன் மூடிக்கும் நடுவே ஷிம் என்று மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும். சம்ப்பை (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கி, மூடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடுக்கு உரித்து முடுக்கினால், இடைவெளி பழையபடி ஒன்று, ஒன்றரை தவ்வுக்கு வந்துவிடும். (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இன்ஜின் வண்டியிலேயே இருக்கும். செலவு கேஸ்கட்டும் ஆயிலும்தான்.

ஷெல் தேய்ந்தால் உரிக்க ஒன்றுமில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். கிராங்க் கீறியிருந்தால் பத்து தவ் குறைவு, இருபது தவ் குறைவு என்று ஷெல் கிடைக்கிற அளவுக்குத்தான் அரைக்கலாம். அந்த அளவு கடல் தாண்டி, கஸ்டம்ஸ் தாண்டி வரும்வரை வண்டி ஷெட்டில் கிடக்கும். மெட்டல் ஊற்றினால் கிராங்க் என்ன அளவில் நிற்கிறதோ அதற்கேற்பக் குடைந்துகொள்ளலாம். அளவெடுத்துத் தைப்பதற்கும் ரெடிமேடுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் தைக்கிற கை நல்ல கையாக இருக்க வேண்டும். முதலில் கொடுத்த பட்டறையில் மெட்டல் ஒட்டுவதற்காக முதலில் ராடுக்குப் பூச வேண்டிய ஈயத்தைப் பூசாமலே ஊற்றிவிட்டார்கள். 400 கிலோமீட்டரில் இரண்டாவது ராடின் மெட்டல் கழன்று ஆடியது. தட்டிப் பார்த்தால் "டொக்" என்றது. நன்றாக ஒட்டியிருந்தால் "ணங்" என்று கேட்க வேண்டும். வண்டியில் மாட்டும் முன்பே தட்டிப் பார்த்திருக்கலாம், புத்தி வரவில்லை.

இரண்டாவது முறை வடசென்னையில் பம்பு, டர்பைன் பேரிங்குகளுக்கு மெட்டல் ஊற்றும் பெரியவர் ஒருவரிடம் போனேன். கார் வேலை குறைந்துவிட்டாலும் இந்தத் தொழில் ஊரில் பிழைத்திருப்பது அந்தப் பெரிய பேரிங்குகளால்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலவே நவச்சாரம் தூவி, புகை கிளம்ப ராடுக்கு வெள்ளீயம் பூசினார். கிராங்க் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட நடுவில் நிற்கும் உருளைக்கு அசிட்டிலின் சுடரால் கரி ஏற்றினார், மெட்டல் அதில் ஒட்டக் கூடாது என்று. எல்லாவற்றையும் சூடாக்கிய பிறகுதான் ஊற்றல்; சொட்டு ஈரம் இருந்தாலும் முகத்தில் தெறிக்கும். அவர் பயன்படுத்தியது 89 சதவீதம் வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும். சூடு பார்க்க ஒரு பைன் குச்சியை உள்ளே விட்டார். "குச்சி கருகணும் தம்பி, பத்திக்கக் கூடாது. பத்திக்கிச்சுன்னா அடுப்பைக் குறை."

குடைந்த பிறகு கிராங்கில் ப்ளூ (நீலச் சாயப் பசை) தடவி, உட்கார வைத்துச் சுற்றி, நீலம் பட்ட மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, திரும்பத் தடவி... ஒரு ராடுக்கே அரை நாள் போனது. பிளாக்கில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளை ஒரே நேர்கோட்டில் குடையும் லைன் போரிங் தனிக் கதை. கூலி கட்டுபடியாகிறதா என்று கேட்டால், ஷெல்லுக்கு மாற்றுவதைவிட மலிவு என்று சொல்ல மாட்டேன்.

இதுவரை 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பாதி மாமல்லபுரம் போய்வந்தது. 60-க்கு மேல் போவதில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் டாப் கியரில் திணற விடாமல் முன்பே கியரைக் குறைத்துவிடுவேன். குறைந்த சுற்றில் இழுக்க வைத்தால் மெட்டல் நொறுங்கும். இதை வைத்து 10,000 கிலோமீட்டருக்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது. ஷெல் போட்ட நண்பரின் வண்டியும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் மூன்றாவது ராடு லேசாகப் பேச ஆரம்பித்தது. சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போனேன். விளக்கேற்றும் நேரத்துக்குள் ஷிம்மில் ஓர் அடுக்கு உரித்து, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்.