பேலம் குகை 'ஸ்பெஷல் டூர்': 14,400 ரூபாய் போச்சு, நீங்களும் மாட்டிக்காதீங்க

சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் இருக்கிற நம்ம தமிழ் ஆளுங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிராவல்ஸ் ஒண்ணு, ஆந்திராவுல இருக்கிற பேலம் சுண்ணாம்புக் குகைக்கு கைடோட பேக்கேஜ்னு ஆறு பேருக்கு 14,400 வாங்கி ஏமாத்திடுச்சு. போன ஞாயிற்றுக்கிழமைதான்.

டிராவல்ஸ்காரன் சொன்னது: "டூரிஸ்ட் போகாத பகுதிக்கே கூட்டிட்டுப் போறோம், ஹெல்மெட், ஹெட்லைட் எல்லாம் நம்மளது." நம்பினதுக்குக் காரணம், மத்த விவரமெல்லாம் சரியா சொன்னான். 1884-ல குகையைப் பதிவு செஞ்ச நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் (பல்லாவரத்துல கற்கோடாரி எடுத்த அதே ஃபூட்), 1980-கள்ல அளந்த ஜெர்மன்காரங்க, மொத்த நீளம் 3,229 மீட்டர், எல்லாம் தமிழ்லயே. "நம்மூரு ஆளுங்களுக்குத் தப்பு செய்வேனாண்ணே?" அவ்ளோதான், ஜிபேல முழுப் பணமும் போயிடுச்சு.

அந்த 3,229-லதான் விஷயமே. திறந்திருக்கிறது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். விளக்கு, நடைபாதை, உள்ளே காத்து தள்ளுற ஏற்பாடு எல்லாம் அதுக்குத்தான். மிச்சம் டிராவல்ஸ்காரன் காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போற இடமே இல்ல.

கொடுத்த ஹெல்மெட் கட்டட வேலைக்குப் போடுறது. தாடைப்பட்டை கிடையாது, பாதாள கங்கைக்கு (குகையோட ஆழமான இடத்துல இருக்கிற நீரோடை) இறங்குறப்போ குனிஞ்சா கழண்டு உருளுது. ஹெட்லைட்டுக்குப் பதிலா ஆறு பேருக்கு ரெண்டு டார்ச், ஒண்ணு முக்கால் மணி நேரத்துல மங்கிடுச்சு. விளக்கில்லாத குகைக்கு ஆளுக்கு மூணு லைட் வேணும்ங்கிறது அரிச்சுவடி. தட்டினா இசை மாதிரி ஒலிக்கிற கல்லுங்க இருக்கிற சப்தஸ்வர குகையில கைடே கல்லைத் தட்டிக் காட்டுறான்! சுண்ணாம்பு சொட்டுச் சொட்டா படிஞ்சு ஆயிரக்கணக்கான வருஷமா வளர்ந்த கல்லு அது. உடைஞ்சா போச்சு. கையில இருக்கிற எண்ணெய்ப்பசை பட்டாலே வளர்றது நின்னுடலாம். 46 மீட்டர் ஆழத்துல பாதாள கங்கையைப் பார்த்துட்டுத் திரும்பினதும் "இன்னைக்கு பர்மிஷன் இல்லண்ணே"ன்னுட்டான். எடுத்தது எல்லாரும் எடுக்கிற கவுன்ட்டர் டிக்கெட்தான்.

திங்கட்கிழமை கேட்டா, ஓனர் திருப்பதி போயிருக்கார். செவ்வாய், "உள்ள ஆக்சிஜன் கம்மி, உங்க நல்லதுக்குத்தான்." புதன், "ஸ்பெஷல்னு ரசீதுல எங்க இருக்கு?" ரசீதுல 'பேலம் டூர் 14,400'னு மட்டும்தான் இருக்கு. இப்ப போனையே எடுக்கிறதில்ல. 14,400 ரூபாய்ங்க!

டிக்கெட்டை குகை கவுன்ட்டர்லயே எடுங்க. முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க. எந்தெந்தப் பகுதின்னு ரசீதுல எழுதி வாங்குங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஹெல்மெட்டை மாட்டிக் குனிஞ்சு பாருங்க, விழுந்தா வண்டியிலயே ஏறாதீங்க.