ஒளியும் நிழலும் செயல்பாட்டுப் பெட்டி: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

4 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒளியையும் நிழலையும் கற்பிப்பதற்கென விற்கப்படும் செயல்பாட்டுப் பெட்டி ஒன்றை, ஏப்ரல் மாத இறுதியில், ஐந்து வயது மகளுக்காகச் சென்னையில் ஒரு பொம்மைக் கடையில் 649 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சிறிய டார்ச் விளக்கு, மடக்கி நிறுத்தக்கூடிய வெள்ளைத் துணித் திரை, அட்டையில் வெட்டிய எட்டு விலங்கு உருவங்கள், சிவப்பும் பச்சையும் நீலமுமான கண்ணாடித்தாள்கள், வெயிலில் நிறுத்தி வைக்கத் தாங்கியோடு கூடிய 15 செ.மீ. குச்சி, இருபது செயல்பாட்டு அட்டைகள் ஆகியவை அதில் இருந்தன.

இவற்றுள் கொடுத்த பணத்துக்கு முழுமையாகத் தகுதியானவை திரையும் விலங்கு உருவங்களும்தான். முதல் நாள் மாலையில் நான் எதையும் விளக்காமல் டார்ச்சை மேசை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். யானையைத் திரைக்கு அருகில் பிடித்தால் அது சிறியதாகவும் விளிம்பு தெளிவாகவும் விழுகிறது என்பதையும், விளக்கை நோக்கி நகர்த்த நகர்த்தப் பெரிதாகி மங்குகிறது என்பதையும் மகள் அரை மணி நேரத்துக்குள் தானே கண்டுகொண்டாள். தோல்பாவைக் கூத்தில் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிப்பதும் இதே காரணத்தால்தான் என்று பிறகு சொன்னபோது, அது அவளுக்குப் புதிய செய்தியாக இல்லை. தான் ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்றுக்குக் கிடைத்த சாட்சியாகவே இருந்தது. துணி நல்ல தடிமன். இரண்டு மாதமாகத் தினமும் கைபட்டும் தொய்யவில்லை.

டார்ச் விளக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதில் ஆறு சிறு எல்.இ.டி. விளக்குகள் வட்டமாகப் பதிக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிழலை உண்டாக்க, உருவத்தின் விளிம்பு ஆறு அடுக்காகத் தெரிகிறது. நிழலைக் கற்பிக்க வேண்டிய பெட்டியில் இது சிறிய குறை அல்ல. ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து வந்தால்தான் நிழல் கூர்மையாக விழும் என்பதால், நாங்கள் கைபேசியின் விளக்குக்கு மாறிவிட்டோம். அதைவிட முக்கியமாக, டார்ச்சின் பொத்தான் மின்கலங்கள் இருக்கும் மூடிக்குத் திருகாணி இல்லை. விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அந்த மின்கலங்களைக் குழந்தை நகத்தால் திறந்து எடுக்கும்படி விட்டிருப்பதை ஏற்க முடியாது. வாங்குபவர்கள் முதல் வேலையாக அவற்றை அகற்றிவிட வேண்டும்.

கண்ணாடித்தாள்களைக் கொண்டு வண்ண நிழல்களை உருவாக்கலாம் என்று ஓர் அட்டை கூறுகிறது. அதற்குக் குறைந்தது இரண்டு விளக்குகள் தேவை. பெட்டியில் இருப்பதோ ஒன்று. இரண்டு கைபேசிகளில் சிவப்பையும் பச்சையையும் ஒட்டிச் செய்து பார்த்தபோது, சிவப்பு ஒளி மறைக்கப்பட்ட இடத்தில் பச்சை நிழலும், பச்சை மறைக்கப்பட்ட இடத்தில் சிவப்பு நிழலும் விழுந்தன. இரண்டு ஒளியும் சேர்ந்த இடம் மஞ்சளாக மாறியதைக் கண்டு வீட்டில் பெரியவர்களும் வியந்தோம்.

எனக்குப் பெரிய மனக்குறை செயல்பாட்டு அட்டைகளில்தான். நிழல் என்பதைக் குழந்தைகள் பொருளுக்குள்ளிருந்து வெளிவரும் ஒன்றாகவோ, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற ஒன்றாகவோ எண்ணுவது வழக்கம். உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் கேட்டு ஆராய்ந்தவற்றுள் நிழலும் ஒன்று. என் மகளும் தன் நிழலைச் சுண்ணக்கட்டியால் வரைந்தபின் அதற்குக் கண்ணும் வாயும் வைத்தாள். இந்த எண்ணம் கலைய வேண்டுமானால் குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அட்டைகளோ கேள்விக்குக் கீழேயே பதிலையும் அச்சிட்டு, பார்ப்பதற்கான தேவையைப் போக்கிவிடுகின்றன. கீழ்ப்பகுதியைத் தாள் ஒட்டி மறைத்த பிறகே அவை எங்களுக்குப் பயன்பட்டன.

அச்சிட்ட பதில்களில் ஒன்று நம் ஊருக்குத் தவறானதும்கூட. குச்சிக்கான அட்டை, நண்பகல் நிழல் எப்போதும் வடக்கு நோக்கியே விழும் என்கிறது. கடகரேகைக்கு வடக்கேயுள்ள நாடுகளுக்கு அது பொருந்தும். சென்னையிலோ ஏறத்தாழ ஏப்ரல் 24 அன்றும் ஆகஸ்ட் 18 அன்றும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் செங்குத்தான குச்சிக்கு நிழலே விழாது. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் நண்பகல் நிழல் தெற்கே விழும். மே மாத நடுவில் 12 மணி 5 நிமிட அளவில் மொட்டை மாடியில் அளந்தபோது, எங்கள் குச்சியின் நிழல் தெற்கு நோக்கி ஒன்றரை செ.மீ. இருந்தது. அதே குச்சிக்கு ஜூன் 21 அன்று தெற்கே 2.7 செ.மீ. அளவும், டிசம்பர் 21 அன்று வடக்கே 11 செ.மீ. அளவும் நிழல் விழும். நிழலற்ற நாட்கள் ஊருக்கு ஊர் மாறுவதால், மதுரையிலும் கன்னியாகுமரியிலும் அவை வேறு தேதிகளில் வருகின்றன. வெப்ப மண்டலத்தில் வாழும் குழந்தைக்கு மட்டுமே கிடைக்கும் இந்தக் காட்சியை, இங்கேயே விற்கப்படும் பெட்டி சொல்லாமல் விட்டதோடு மாற்றியும் சொல்வது வருத்தமளிக்கிறது.

பெட்டியில் இல்லாத, ஆனால் அதனால் எங்கள் கண்ணில் பட்ட இரண்டைச் சொல்ல வேண்டும். துணி காயப்போடும் கொடியில் துணியின் நிழல் கருமையாக விழ, கொடியின் நிழல் மட்டும் ஏன் இவ்வளவு வெளிறியிருக்கிறது என்று மகள் கேட்டாள். சூரியன் புள்ளியாக இல்லாமல் வானில் அரை பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், இரண்டு மீட்டர் உயரத்திலுள்ள மெல்லிய கயிற்றால் அதை முழுவதும் மறைக்க முடிவதில்லை. சூரியன் முழுவதும் மறையும் கருநிழல் தரையைத் தொடாமல், ஒரு பகுதி மட்டும் மறையும் வெளிறிய புறநிழல் மட்டுமே விழுகிறது. விளக்கத்தைச் சுருக்கி, ஒரு குச்சியைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்திக் காட்டினேன். அது போதுமானதாக இருந்தது. மற்றொன்று, தெருவிலுள்ள புங்க மரத்தடி. இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழும் ஒளித்திட்டுகள் வட்டமாகவே இருக்கின்றன, ஏனெனில் ஒவ்வொரு சிறு இடுக்கும் ஊசித்துளை கேமரா போலச் செயல்பட்டுச் சூரியனின் பிம்பத்தையே விழச் செய்கிறது. கோவை, திண்டுக்கல் பகுதிகளில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்த 2019 டிசம்பர் 26 காலையில், இதே காரணத்தால்தான் மரத்தடித் திட்டுகள் வளையங்களாக மாறின. துளையிட்ட ஓர் அட்டையைக்கூடப் பெட்டியில் வைக்காதது எனக்குப் புரியவில்லை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லா அட்டைகளிலும் பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன்.

மாலையில் குழந்தையோடு அரை மணி நேரம் உட்கார முடிந்தவர்கள், டார்ச்சை ஒதுக்கிவிட்டு, அட்டைகளின் பதிலை மறைத்துவிட்டு, திரைக்காகவும் உருவங்களுக்காகவும் இதை வாங்கலாம்; குழந்தை தனியே விளையாடட்டும் என்று எண்ணுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. எங்கள் குச்சி இப்போதும் மாடியில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 18 அன்று நிழல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று மகள் நாள்காட்டியில் வட்டமிட்டுக் காத்திருக்கிறாள். அன்று மேகம் இல்லாதிருக்க வேண்டும்.