ரீசேட் அடிக்க முந்தி "எங்க போடப் போறியள்?" எண்டு கேட்ட கடை (கிளிநொச்சி)

எங்கட விளையாட்டுக் கழகத்து வொலிபோல் ரீமுக்கு 16 ரீசேட் அடிச்சனாங்கள், அதைப் பற்றின ரிவியூதான் இது. கொஞ்சம் நீளம், ஏனெண்டா துணி, மை, விலை எண்டு மட்டும் எழுதினா அந்தக் கடையின்ர பாதியைத்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

கடைப் பெயர் போட வேண்டாமெண்டு கடைக்கார அண்ணை கேட்டவர், அதால போடேல்ல. கிளிநொச்சி ரவுணில ஏ9 ரோட்டால இறங்கி உள்ளுக்குப் போற ஒழுங்கையில இருக்கு, முன்னுக்கு அக்கா தைக்கிறா, பின்னுக்குத் தகரப் பத்தி இறக்கி அண்ணை பிறிண்ட் அடிக்கிறார். ரவுண் ஆக்களுக்கு இவ்வளவும் காணும்.

முதல்ல வேலையைப் பற்றிச் சொல்லுறன். ஒரு ரீசேட் 1450 ரூபா, துணியும் சேத்து. கழுத்து, கை எல்லாம் இரட்டைத் தையல். பிறிண்டுக்கு ரெண்டு முறை வச்சிருக்கிறார், ஒண்டு ஸ்கிரீன் போட்டு மையை இழுக்கிறது, மற்றது பேப்பரில அடிச்சுச் சூட்டு மெசினில ஒட்டுறது. எங்களுக்கு எது நல்லமெண்டு கேட்டன். ரெண்டிலயும் பழைய துண்டு எடுத்து, எழுத்துக்கு ரெண்டு பக்கமும் பெருவிரலை வச்சு நல்லா இழுத்துக் காட்டினவர், ஒட்டினதில மயிர் மாதிரி வெடிப்பு விழுந்துது, ஸ்கிரீன் மை துணியோட சேந்து இழுபட்டுத் திரும்பி வந்துது. "உங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, கிரவல் புழுதி வேற, நாலு தோய்ச்சலில ஒட்டினது உரியும், நம்பரை மட்டும் ஒட்டுவம், மிச்சத்தை ஸ்கிரீனில இழுப்பம்" எண்டார். காசு கூடின வழியைக் காட்டாமல் எது நிக்குமோ அதைச் சொன்னவர், எனக்கு அதிலயே மனுசனைப் பிடிச்சுப் போச்சு.

தமிழ் எழுத்து விசயத்திலயும் சரியான கவனம். போனில தட்டி அனுப்புற தமிழ் அவற்ற டிசைனுக்குள்ள போனா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் எண்டு சிதறும். அவர் முழுக்கத் திருப்பிப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு, பெரிசாக்கி, ஒவ்வொரு எழுத்தா எங்களுக்கு வாசிச்சுக் காட்டி, "பிழையில்லை எண்டு வாயால சொல்லுங்கோ" எண்டு கேட்டுத்தான் ஸ்கிரீன் வெட்டினவர். வேற ஒரு இடத்தில நாங்கள் முந்தி அடிச்ச பனரில கழகத்தின்ர பெயரே பிழைச்சு, அதை ஒரு வருசம் கட்டித் தூக்கினனாங்கள், அதால இந்தக் கவனத்தின்ர அருமை எனக்குத் தெரியும்.

சரி, விசயத்துக்கு வாறன்.

பெடியள் கொண்டு போன டிசைனில பின் பக்கம் முழுக்கப் பாயிற புலி, அதுக்குக் கீழ பெரிய எழுத்தில "தமிழன்டா", முன்னுக்கு நெஞ்சில "வன்னி மண்ணின் மைந்தர்". சிவப்புத் துணி, மஞ்சள் மை. அண்ணை போனை வாங்கிப் பாத்திட்டு விலை சொல்லேல்ல, கேட்டது ஒரு கேள்விதான், "தம்பியவை, இதை எங்க போடப் போறியள்?" மட்ச் குருநாகலில எண்டம், சிங்களப் பக்கத்து ஊர். பிறகு, "ஆர் ஆர் பாப்பினம்? போற வழியில எங்க எங்க இறங்குவியள்?"

எங்கட பெடியன் ஒருத்தனுக்குக் கோவம் வந்திட்டுது. "அண்ணை, இது சோழன்ர புலி, ராஜராஜன்ர கொடி, ஆயிரம் வருசத்துச் சின்னம்" எண்டான். "நீ சோழன் எண்டு சொல்லுவாய் ராசா, ரோட்டில மறிச்சுச் சோதிக்கிறவன் சோழனைப் படிச்சிருப்பானோ? நான் அடிச்ச ரீசேட்டால ஒரு பிள்ளை உள்ளுக்குப் போகக் கூடாது." அந்த மனுசன் வெறும் பயத்தில அப்பிடிச் சொல்லேல்ல. 1979 இல தற்காலிகம் எண்டு கொண்டு வந்து 1982 இல நிரந்தரமாக்கின பயங்கரவாதத் தடைச் சட்டம் இண்டைக்கும் தலைக்கு மேல இருக்கு, ரீசேட்டில இருந்த ஒரு படத்துக்காகக் கைதான பெடியள் இருக்கினம், அதைத் தெரிஞ்சு கதைச்சவர்.

நிறத்தைப் பற்றியும் சொன்னவர். 2021 ஏப்ரலில யாழ்ப்பாண மேயர் மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு பிடிச்சது ஞாபகம் இருக்கும், ஊரில குப்பை போடுறவையைக் கண்காணிக்கப் போட்ட ஆக்களுக்குக் குடுத்த இளநீல உடுப்பு இயக்கத்தின்ர, அதாவது விடுதலைப் புலிகளின்ர, காவல்துறை உடுப்பு மாதிரி இருக்கெண்டு. கொழும்பு மாநகர சபையிலயும் இதே மாதிரித்தான் போடினம் எண்டு மேயர் சொன்னவர். ஒரே நீலம், கொழும்பில அது மாநகர சபை உடுப்பு, யாழ்ப்பாணத்தில அது வழக்கு.

பெடியன் விடேல்ல, அப்ப சிங்கம் மட்டும் எப்பிடிச் சரி எண்டு கேட்டான். நியாயமான கேள்வி, நானும் அந்த இடத்தில அவனோடதான் நிண்டனான். 2016 தொடக்கத்தில "சிங்ஹலே" எண்ட ஸ்ரிக்கர் ஓட்டோ, பஸ், கார் எண்டு நாடு முழுக்க ஓடினது, சிங்க இரத்தம் எண்டு அர்த்தம் வரும், "லே" எண்ட எழுத்தை மட்டும் சிவப்பில அடிச்சிருப்பினம். ஒட்டினவையைக் கேட்டா எங்கட வரலாறு, எங்கட பெருமை எண்டுதான் சொல்லுவினம், கன பேர் அதை மனசாரத்தான் சொன்னவை எண்டும் நான் நம்புறன். ஆனா அதே எழுத்தை நுகேகொடையில முஸ்லிம் ஆக்களின்ர வீட்டு மதிலில அடிச்சு விட்ட நேரம், உள்ளுக்க இருந்த சனத்துக்கு அது வரலாறாத் தெரிஞ்சிருக்குமோ? தேசியக் கொடியும் அப்பிடித்தான். எங்களுக்கும் முஸ்லிம் சனத்துக்கும் எண்டு பக்கத்தில ரெண்டு கோடு போட்டிருக்கு, சிங்கம் வாளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடுகளைப் பாத்துத்தான் நிக்குது. சிங்கள நண்பர் ஒருத்தருக்கு இதைக் காட்டினன், நாப்பது வருசமா அந்தக் கொடிக்குக் கீழ நிண்டவர், ஒரு நாளும் அப்பிடிப் பாக்கேல்லையாம். அவர் பொய் சொல்லேல்ல. அவருக்கு அப்பிடிப் பாக்க வேண்டிய தேவை ஒரு நாளும் வரேல்ல, எனக்கு முதல் நாளே தெரிஞ்சது.

கனடாவில இருக்கிற என்ர மச்சான் போனில சொல்லுறவன், அங்க தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு 2016 இல பாராளுமன்றமே ஏற்றுக்கொண்டது, இதே "தமிழன்டா" ரீசேட்டோட ரயிலில போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினமாம். ஆனா அங்கயும் கறுப்பர் தங்கட இனத்தில பெருமை எண்டு எழுதினா ஒரு மாதிரியும், வெள்ளையர் அதையே எழுதினா வேற மாதிரியும் பாக்கினம், ஏன் இந்த வித்தியாசம் எண்டு அவன்ர வேலையிடத்தில ஒருத்தர் சண்டை பிடிச்சதாம். எனக்கு அதில பெரிய குழப்பம் இல்லை. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில 200 மீற்றர் ஓடி வெண்ட ரொமி ஸ்மித்தும் மூண்டாவதா வந்த ஜோன் கார்லோசும் மேடையில நிண்டு கறுப்புக் கையுறை போட்ட கையைத் தூக்கினவை, அதுக்காக அவையை ரீமில இருந்தே கலைச்சவை. நீ குறைஞ்சவன் எண்டு தலைமுறை தலைமுறையாச் சொல்லி அடக்கி வச்ச ஒருத்தன் நான் குறைஞ்சவன் இல்லை எண்டு நிமிருறதும், எல்லாம் கையில வச்சிருக்கிறவன் நான்தான் கூடினவன் எண்டு நெஞ்சை விரிக்கிறதும் ஒரே சொல்லில வந்தாலும் ஒண்டில்லை.

இதைக் கடையில நிண்டு பெரிசாக் கதைச்சுக்கொண்டிருந்தனான். அப்பதான் எங்கட ரீமில நல்லா ஸ்பைக் அடிக்கிற பெடியன், அதுவரைக்கும் வாயே திறக்காதவன், மெதுவாக் கேட்டான், "அண்ணை, மண்ணின் மைந்தர் எண்டு போட்டா நானும் அதைப் போடலாமோ?"

அவன்ர அம்மம்மா 1977 கலவரத்தில அடிபட்டு மலையகத்துத் தோட்டத்தில இருந்து வந்தவா. காடு வெட்டி, மலேரியா பட்டு, காணி உறுதி இல்லாமல் வருசக் கணக்கா இருந்த குடும்பம். 1948 இல அரசாங்கம் குடியுரிமையைப் பறிச்சது ஒரு பக்கம், இங்க வந்த பிறகு எங்கட வாயால அந்தச் சனம் கேட்ட சொல்லு இன்னொரு பக்கம், தோட்டக்காட்டான், வந்தான் வரத்தான், நான் சின்னனில பள்ளிக்கூடத்தில என்ர காதாலயே கேட்டிருக்கிறன், கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறன். இண்டைக்குக் கிளிநொச்சியில கன வயல் வேலை அந்தச் சனத்தின்ர கையில. 2023 இல மலையகச் சனம் வந்து 200 வருசம் எண்டு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடை போனவை, அவனும் கொஞ்சத் தூரம் சேந்து நடந்தவனாம். எனக்கு அது அண்டைக்குத்தான் தெரியும், மூண்டு வருசமா ஒண்டா விளையாடுறம்.

ஒருத்தரும் கதைக்கேல்ல. சிங்கத்தைப் பற்றி அவ்வளவு கதைச்ச எனக்கு, எங்கட நெஞ்சில எழுதப் போன சொல்லு பக்கத்தில நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு படவே இல்லை. அண்ணை அந்த நேரம் ஒண்டு சொன்னவர், முல்லைத்தீவுத் தண்ணீரூற்றுப் பக்கத்தில இருந்து 1990 ஒக்டோபரில இயக்கம் வெளிக்கிடுத்தின முஸ்லிம் குடும்பத்துப் பெடியன் ஒருத்தன், இப்ப திரும்பி வந்து கடை போட்டிருக்கிறவன், தன்ர கடைப் பெடியளுக்கு ரீசேட் அடிக்க வந்தவனாம். தமிழில ஊர்ப் பெயரை மட்டும் பெரிசா அடிச்சுத் தாங்கோ எண்டவனாம். அவனுக்கும் அது ஊர்தானே.

பிறகு ஒண்டரை மணித்தியாலம் அந்தப் பத்திக்குள்ள இருந்து அக்கா தந்த பிளேன்ரீயைக் குடிச்சு டிசைனை மாத்தினம். ஒரு சதமும் கூட எடுக்கேல்ல. நெஞ்சில சின்னதா "வன்னி". முதுகில இரணைமடுக் குளத்துக் கட்டும் ஒரு பாலை மரமும், கோடு மாதிரி. கார்த்திகைப் பூப் போடுவம் எண்டு ஒருத்தன் கேட்டவன், செங்காந்தள் தமிழ்நாட்டுக்கு மாநிலப் பூ, சிம்பாப்வேக்குத் தேசியப் பூ, எங்கட வேலியில மழைக்குத் தானாப் பூக்கிறது, ஆனா இயக்கமும் அதைத் தங்கட பூவா வச்சிருந்ததால இங்க அதை நெஞ்சில குத்தினா கேள்வி வரும். அதை விட்டதில எனக்கு இப்பவும் கவலைதான், அதை மறைக்கேல்ல. நம்பர்தான் அண்ணையின்ர யோசினை, தமிழ் எண்ணில பெரிசா, கீழ வழமையான எண் சின்னதா. ௧, ௨, ௩ எண்டு பேப்பரில அவர் எழுதிக் காட்ட, பெடியளில ஒருத்தருக்கும் அது தெரியாது, எனக்கும் ஐஞ்சுக்கு மேல தெரியாது. துணி கடும் பச்சை.

குருநாகலில மட்ச் முடிய அங்கத்தைப் பெடியள் சுத்தி வந்திட்டினம், இது என்ன எழுத்தெண்டு. எண் எண்டு விளங்கப்படுத்தினம், அவையின்ர கோச் ஒரு வயசான மாஸ்டர், சிங்களத்திலயும் பழைய எண் இருந்தது, இப்ப ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லி, எங்கட பெடியன்ர முதுகில விரலை வச்சு அந்த ௭ ஐ எழுதிப் பாத்தவர். மூண்டு பேர் ரீசேட் மாத்தக் கேட்டவை, ரெண்டு குடுத்தம்.

திரும்பி வரேக்க வழியில ஒரு இடத்தில சோதனைக்கு வானை மறிச்சினம். அதே எண்தான். "இது என்ன கோட்?" எண்டு கேள்வி. கோட் இல்லை, நம்பர் எண்டம். கீழ சின்னதா இருக்கிற எண்ணைக் காட்டினம். முதுகைத் திருப்பி நிக்கச் சொல்லி 14 பேரையும் வரிசையா நிக்க வச்சுப் படம் எடுத்தவை, அரை மணித்தியாலம். விட்டிட்டினம், வேற ஒண்டும் இல்லை. ஆனா பகல் மாஸ்டர் விரல் வச்ச அதே இடத்துக்கு இரவு ரோர்ச் அடிச்சவை, வானுக்குள்ள அதுக்குப் பிறகு ஒருத்தரும் பாட்டுப் போடேல்ல.

அடுத்த கிழமை இதை அண்ணைக்குச் சொன்னன். கனநேரம் கதைக்கேல்ல. பிறகு, "எண்ணும் ஏலாதாமோ" எண்டு மட்டும் கேட்டவர். அடுத்த முறை எண்ணை எடுப்பமோ எண்டு நான் கேக்க, அவர் மாட்டன் எண்டார், அது நிக்கட்டும் எண்டார். எனக்கும் அதுதான் சரி.

குறையும் சொல்ல வேணும். சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் பிந்தித்தான் தந்தவர், மட்சுக்கு முதல் நாள் பின்னேரம் வரைக்கும் நெஞ்சு பதறினது. ரெண்டு ரீசேட் அளவு சின்னன். கார்ட் எடுக்கமாட்டார், அரைவாசி முற்பணம் கையில குடுக்க வேணும். தை தொடங்கினா பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி ஓடர் நிரம்பி வழியும், அதுக்கு முந்திப் போங்கோ. ஞாயிறு பூட்டு. தோய்க்கேக்க உள்பக்கம் திருப்பித் தோய்க்கச் சொல்லுவார், கேளுங்கோ. எங்கட ஸ்பைக்கர் பெடியன் கேக்கேல்ல, அவன்ர ௮ பாதி உரிஞ்சு போச்சு, தாயும் ஏனடா முதுகில "அ" எண்டு எழுதியிருக்கு எண்டு கேட்டவாவாம். கொண்டு போய்க் குடுக்க அண்ணை பழசைச் சுரண்டி எடுத்து, புதுசு வச்சு, ரெண்டு தரம் சூடு பிடிச்சுக் குடுத்தவர், காசு வாங்கேல்ல.